ஒரே தடம், வெவ்வேறு மாதங்கள்: சேர்வராயன் மலையில் நடை பழகுவது எப்படி?

சேலம் கோரிமேட்டைத் தாண்டியதும் எதிரே எழுந்து நிற்கும் சேர்வராயன் மலையில், ஏற்காடு வரையுள்ள 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸிலேயே கடந்தவர்கள் நம்மில் பலர். அதே மலையைக் காலால் ஏற ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் வந்தால், ஒரு தடம் முடிந்த கையோடு "அடுத்து எந்த மலை?" என்கிறார்கள். அதே மலைதான், வேறு மாதத்தில் என்பேன். முகம் சற்றுச் சுருங்கும். ஆனால் ஆகஸ்டில் நடந்த தடத்தை ஜனவரியில் நடந்து பார்த்தவருக்கு நான் சொல்வது புரியும்.

படி 1: கால்

மூன்று வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், அம்மாப்பேட்டை குமரகிரிக் கோயில் படிகளில் ஏறி இறங்குங்கள். முதுகுப் பையில் இரண்டு தண்ணீர்ப் பாட்டில்கள் இருக்கட்டும். ஏறும்போது மூச்சு வாங்குவதைப் பற்றிக் கவலை வேண்டாம், அது தானே பழகிவிடும். இறங்கும்போது தொடையும் முழங்காலும் என்ன சொல்கின்றன என்று கவனியுங்கள். மலையில் பலரும் நொண்டுவது இறக்கத்தில்தான்.

படி 2: அனுமதி

காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தின் இணையதளத்தில் இப்போது முன்பதிவு செய்யலாம். அடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து மலைக்கிராமமான குண்டூருக்கு ஏறும் தடமும் அதில் உண்டு. வழிகாட்டியும் உடன் வருவார். "நமக்கு எதற்கு வழிகாட்டி?" என்று கேட்கிறவர்தான் முதலில் வழி தவறுவார் என்பது என் அனுபவம்.

படி 3: நேரக் கணக்கு

1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு எளிய கணக்கைத் தந்தார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். 4 கிலோமீட்டர் தூரத்தில் 600 மீட்டர் ஏற வேண்டுமானால் 48 நிமிடம், அதோடு ஒரு மணி. ஆக, 1 மணி 48 நிமிடம். இது குளிர் நாட்டில், பழகிய காலுக்குப் போட்ட கணக்கு. சேலத்து வெயிலில் புதியவர் அதை இரட்டிப்பாக்கிக்கொள்வது நல்லது. பிறகு எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று வீட்டிலேயே முடிவுசெய்து ஒரு தாளில் எழுதிவிடுங்கள். மேலே போனபின் முடிவெடுத்தால் ஆசை வென்றுவிடும்.

படி 4: பை

ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். அதில் ஒரு லிட்டரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துவையுங்கள். பருத்திச் சட்டை வேண்டாம். நனைந்தால் உடலோடு ஒட்டிக்கொண்டு காயவே காயாது. சீக்கிரம் உலரும் விளையாட்டுச் சட்டை போதும். ஆளுக்கொரு டார்ச், விசில், ஒரு மாற்றுக் காலுறை. சாப்பாட்டுக்குப் புளிசாதமும் கடலை மிட்டாயும் போதும். தட்டுவடை செட் கட்டிக்கொண்டு வந்த நண்பர் ஒருவர் உண்டு. பாதி வழியில் சட்னி பைக்குள்ளும் தட்டுவடை தூளாகவும் இருந்தன. அதை இறங்கி வந்தபின் கடையில் நின்று சாப்பிடுவதே முறை.

படி 5: மாதத்தைப் படித்தல்

சேலம் நகரம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். நூறு மீட்டருக்குச் சுமார் 0.65 டிகிரி குறையும் என்பதால், கீழே வியர்த்துக்கொண்டு கிளம்புகிறவரை மேலே 7, 8 டிகிரி குறைந்த காற்று வரவேற்கும். அதன்மேல் பருவம் தன் பங்கைச் சேர்க்கிறது.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை தீ அபாயக் காலம். அடிவாரச் சரிவில் இலைகள் உதிர்ந்து சருகு மெத்தையாகக் கிடக்கும். காட்டுத் தடங்களை அப்போது மூடிவிடுவார்கள், அதற்கு மல்லுக்கட்ட வேண்டாம். அந்த மாதங்களில் மேலே போய், 1,623 மீட்டர் உயரத்தில் இருக்கும் சேர்வராயன் கோயிலுக்கு ஏற்காடு ஏரியிலிருந்து சாலையிலேயே நடக்கலாம். கோடை மழை ஒன்று விழுந்திருந்தால் வழியெங்கும் காப்பி பூத்திருக்கும். சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் கொண்டுவந்த செடி, மல்லிகை போல வெள்ளையாகப் பூத்து மணக்கும்.

மே மாதத்தில் காலை வெயிலைப் பார்த்து ஏமாறக் கூடாது. பிற்பகலில் இடிமழை திரளும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள்: மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் இடி கேட்டால் முகட்டையும் திறந்த பாறையையும் விட்டு இறங்குங்கள். தனி மரத்தடியில் ஒதுங்குவது வேண்டாம்.

ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை மழை. பச்சையைப் பார்க்க இதுதான் காலம், வழுக்கி விழவும் இதுதான். வேரின்மேல் கால் வைக்காதீர்கள். ஈர வேர் சோப்புக் கட்டிக்குச் சமம். பாசி படிந்த பாறையும் அப்படியே. கரடுமுரடான மண்ணைத் தேடிக் கால் வையுங்கள். கீழே தூறல்கூட இல்லாதபோதும் மேலே பெய்த மழை ஓடையில் வந்து சேரும். தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, குச்சிகளும் சருகும் மிதந்து வந்தாலோ கரையேறிவிடுங்கள். முழங்காலுக்கு மேல் ஓடும் நீரைக் கடக்க வேண்டாம்.

டிசம்பர், ஜனவரியில் குளிரைவிட எனக்குப் பயம் மூடுபனிமேல். என் முதல் டிசம்பர் நடையில் மூன்று பேருக்கு ஒரே டார்ச். ஆறு மணிக்குத்தான் சூரியன் மறையும் என்று நம்பியிருந்தோம். மரங்களுக்கு அடியில் ஐந்தேகாலுக்கே இருட்டிவிட்டது. பனிக்குள் விளக்கை அடித்தால் எதிரே ஒரு வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. வழிகாட்டி அண்ணன் சிரித்துக்கொண்டே, "விளக்கை நெற்றியில் வைக்காதே தம்பி, இடுப்புக்குக் கீழே பிடி" என்றார். தாழப் பிடித்ததும் பாதை தெரிந்தது. பனித்துளிகளில் பட்ட ஒளி நேராகக் கண்ணுக்குத் திரும்பாததுதான் காரணம். மழைக்கால இருட்டானாலும் மந்தி கொம்பிழந்து பாயாது என்பார்கள். நாம் மந்தி அல்லவே! அன்றிலிருந்து குளிர்காலத்தில் காலை ஆறு மணிக்கு முதல் அடி, பகல் ஒன்றுக்குத் திரும்பல் என்று வைத்திருக்கிறேன்.

இந்த மலையில் எந்த மாதமும் காட்டெருமையைப் பார்க்க நேரலாம். பார்த்தால் அப்படியே நில்லுங்கள், பின்னோக்கி மெல்ல நகருங்கள், அது போக வழி விடுங்கள். தனியாக நிற்கும் ஆண் எருமையைப் படம் எடுக்க முன்னே போகிறவரை நான் அடுத்த நடைக்குச் சேர்ப்பதில்லை.

படி 6: இறக்கம்

முதல் நாளே கால் நகத்தை வெட்டுங்கள். இறங்குமுன் ஷூ லேஸை அவிழ்த்து, குதிகாலைப் பின்னால் தள்ளி, மறுபடி இறுக்கிக் கட்டுங்கள். இல்லையென்றால் விரல்கள் முன்னே முட்டி நகம் கறுத்துவிடும். அடிகள் சிறியதாக, முழங்கால் சற்று மடங்கியே இருக்கட்டும். செங்குத்தான இடத்தில் பக்கவாட்டாக இறங்குங்கள்.

படி 7: வீட்டில்

அன்றே சோப்புப் போட்டுக் குளித்து, உடைகளை வெந்நீரில் துவைத்துவிடுங்கள். அக்குள், இடுப்பு மடிப்பு, முழங்கால் பின்புறம் ஆகிய இடங்களில் பூச்சிக்கடி இருக்கிறதா என்று பாருங்கள். புதர்களில் இருக்கும் நுண்ணிய பூச்சி கடிப்பதால் வரும் உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்) தமிழ்நாட்டில் உண்டு. மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில் அதிகம். கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கடும் தலைவலியும் வந்தால், உடலில் சிகரெட் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். பொருக்கு இல்லாவிட்டாலும் மருத்துவரிடம், "காட்டுக்குள் நடந்து வந்தேன்" என்பதை முதலில் சொல்லுங்கள். எளிய மாத்திரையில் குணமாகும் நோய் அது, தாமதித்தால்தான் ஆபத்து.