வீட்டில் டேகெயார் நடத்துகிறீர்களா? வீட்டுச் சாமான்களை வரிக் கணக்கில் எழுதுவது இப்படித்தான்

கனடாவில் ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்டன் பக்கம் வீட்டிலேயே நாலைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நம் பெண்கள் நிறையப் பேர். வரி கட்டும்போது டயப்பர், கிரேயான், பால் என்று புதிதாக வாங்கியதை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் குதித்துக் குதித்துத் தேய்த்த சோபாவும், தினமும் ஓடும் வாஷிங் மெஷினும், ஹைட்ரோ (மின்சார) பில்லும் தொழில் செலவில் சேரும் என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை. உழைத்த காசு இப்படிப் போவது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். இது கனடாவில் சுயதொழிலாக நடத்துபவர்களுக்கானது.

முதலில் வருமானத்தை முழுதாகக் காட்டுங்கள், கையில் காசாக வாங்கியதையும் சேர்த்து. பெற்றோர் கேட்டால் உங்கள் சின் நம்பரோடு (அரசு ஒவ்வொருவருக்கும் தரும் தனி எண்) பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும், அதை வைத்து அவர்கள் தங்கள் வரியில் கழித்துக்கொள்வார்கள், ஆகவே மறைக்க நினைத்தாலும் கனடா வரித்துறையான சிஆர்ஏவுக்குத் தெரிந்துவிடும். வருமானம், செலவு இரண்டையும் எழுதும் படிவம் டி2125.

அடுத்ததாக உங்கள் சதவீதத்தைக் கண்டுபிடியுங்கள், மற்றக் கணக்கெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. வீடு 1,200 சதுர அடி, பிள்ளைகள் புழங்கும் ஹாலும் சமையலறையும் பாத்ரூமும் சேர்த்து 480 சதுர அடி என்றால் இடம் 40 சதவீதம். ஆனால் அதே ஹாலில் இரவில் உங்கள் குடும்பமும் உட்கார்கிறதே, அதனால் நேரத்தையும் பார்க்க வேண்டும். காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை, வாரத்தில் 5 நாள் என்றால் வாரத்தின் 168 மணி நேரத்தில் 55, அதாவது 32.7 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 13.1 வரும். ஓர் அறையைப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கி வைத்து வேறெதற்கும் பாவிக்கவில்லை என்றால் அந்த அறைக்கு நேரக் கணக்கு வேண்டாம்.

வாடகை அல்லது மோர்ட்கேஜ் எனும் வீட்டுக் கடனின் வட்டி (அசலைச் சேர்க்காதீர்கள்), ஹைட்ரோ, ஹீட்டிங், தண்ணீர், வீட்டு இன்சூரன்ஸ், ப்ராப்பர்ட்டி டாக்ஸ் எல்லாவற்றையும் கூட்டி அதில் இந்தச் சதவீதத்தை எடுங்கள். வருடம் 24,000 டாலர் என்றால் சுமார் 3,140 டாலர் கழிக்கலாம். இந்த வீட்டுச் செலவை வைத்து நஷ்டம் காட்ட முடியாது, மிஞ்சுவதை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம்.

சரி, இப்போது சாமான்களுக்கு வருவோம். கையில் ஒரு கொப்பியோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். பிள்ளைகளுக்காகவே வாங்கிய விளையாட்டுச் சாமான், புத்தகம், பெயின்ட், துடைக்கும் டிஷ்யூ போன்றவை முழுச் செலவு, அந்த வருடமே எழுதலாம். 500 டாலருக்குக் குறைந்த சட்டிபானைகள், தட்டு கரண்டி, பிள்ளைகள் தூங்கும் விரிப்புத் துணிகள் எல்லாம், சாமான் பழசாகி மதிப்புக் குறைவதை (தேய்மானம்) கழிக்க சிஆர்ஏ பிரித்திருக்கும் வகுப்புகளில் வகுப்பு 12இல் வரும், 100 சதவீதமும் எழுதலாம். சோபா, மேசை, கதிரை, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் போல வருடக்கணக்கில் நிற்கும் பெரிய சாமான்களை அப்படி ஒரேயடியாக எழுத முடியாது. அவை வகுப்பு 8, மிச்சமிருக்கும் மதிப்பில் பொதுவாக வருடத்துக்கு 20 சதவீதம்தான் தேய்மானம் கிடைக்கும், அதிலும் தொழிலுக்குப் பயன்படும் பங்கு மட்டும்.

முன்பே வீட்டில் இருந்த சாமானையும் சேர்க்கலாம், இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். 1,500 டாலருக்கு வாங்கிய சோபா, டேகெயார் தொடங்கிய நாளில் விற்றால் 600தான் போகும் என்றால் கணக்கு 600இலிருந்து தொடங்கும். அந்த நாளில் போனில் ஒரு படம், அதே போலப் பழைய சோபா இணையத்தில் என்ன விலைக்குப் போகிறது என்பதற்கு இன்னொரு படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஏதாவது கையில் இருக்க வேண்டும்.

ஆனால் வீட்டுக் கட்டிடத்துக்கு மட்டும் தேய்மானம் எழுதாதீர்கள். சின்னத் தொகைக்கு ஆசைப்பட்டு எழுதினால், சொந்த வீடு என்பதால் கிடைக்கும் வரிவிலக்கில் ஒரு பங்கை வீட்டை விற்கும்போது இழக்க நேரிடும். சாமான்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில், பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்குக் கொடுப்பது செலவு, உங்கள் குடும்பம் சாப்பிடுவது செலவல்ல. கடையில் பிள்ளைகளுக்கான பழம், பால், பிஸ்கட்டைத் தனி பில்லாகப் போடச் சொன்னாலே பாதிப் பிரச்சினை தீரும். அப்புறம், 14 வயது வரையான பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் சேவைக்கு எச்எஸ்டி எனும் விற்பனை வரி இல்லை. நீங்களும் பெற்றோரிடம் அதை வாங்க வேண்டாம், ஆனால் சாமான் வாங்கும்போது கட்டிய எச்எஸ்டி திரும்பி வராது, எனவே அதையும் சேர்த்தே செலவில் எழுதுங்கள்.

பற்றுச்சீட்டுகளை 6 வருடம் வைத்திருக்க வேண்டும். கடைச் சீட்டில் மை சீக்கிரம் மங்கிவிடும் என்பதால் வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள். சுயதொழில் செய்பவர்கள் ஜூன் 15 வரை வரிப் படிவம் அனுப்பலாம், ஆனால் கட்ட வேண்டிய பணம் ஏப்ரல் 30க்குள் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் மறுநாளிலிருந்து வட்டி ஏறும்.