மாணவ ஆசிரியர் மாநாட்டுக்கு ஸ்லைடு: பாமினி படுத்திய பாடு

மண்டபம் ஊரில் பி.எட். மாணவர் மாநாடு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் பற்றிய பாடம். அரங்கத்து லேப்டாப்பில் திறந்தால் 'கடற்பசு' என்ற தலைப்பு ஆங்கில எழுத்துகளாகவும், புள்ளி எழுத்து வரும் இடமெல்லாம் அரைப்புள்ளியாகவும் கிடந்தது. காரணம், பாமினி எழுத்துரு. அதில் தட்டியது உள்ளே ஆங்கிலமாகவே பதிவாகும். எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும்.

சரிசெய்தது இப்படி: தமிழ்ப் பகுதியை மட்டும் நகலெடுத்து, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறை) மாற்றி ஒட்டினேன். ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து மாற்றினால் அவையும் தாறுமாறான தமிழாகிவிடும். தனியே எடுத்து வையுங்கள். பிறகு எழுத்துருவை 'நிர்மலா யுஐ' ஆக்கினேன். விண்டோஸ் 8 முதல் கூடவே வருகிறது. மாற்றிய எழுத்து சற்று அகலம், வரி பெட்டியைத் தாண்டும். எழுத்தளவை 28 புள்ளிக்குக் (பாயின்ட்) கீழே குறைக்காமல் சொற்களைக் குறைப்பதே நல்லது. கடைசி வரிசைப் பிள்ளைக்கும் தெரிய வேண்டுமே. பிடிஎஃப் நகல் ஒன்றைப் பென்டிரைவில் கட்டாயம் வையுங்கள்.

வராந்தாவில் மாட்டும் சார்ட்டுக்கு செலோடேப் வேண்டாம், உப்புக்காற்றில் பிசுபிசுத்து உரிந்துவிடும். மேலும் கீழும் ரீப்பர் கட்டை அடித்து, நூலில் தொங்கவிடுங்கள்.