பல்செட்டைச் சிரிக்க விடுங்கள்

நகைச்சுவை, கவிதை, தத்துவம் மூன்றும் ஒரே பத்தியில் வேண்டுமா? தத்துவத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லாதீர்கள். நாகப்பட்டினத்துச் சத்திரத்தைப் பற்றிக் காளமேகம் பாடிய வெண்பாவைப் பாருங்கள்: பொழுது சாயும்போது அரிசி வரும், குத்தி உலையிலிட ஊர் அடங்கிவிடும், ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது வெள்ளி முளைத்துவிடும். 'தாமதம்' என்ற சொல்லே கிடையாது, வானம்தான் கடிகாரம். (சத்திரக்காரர் கோபித்துக்கொண்டதும் அதே பாட்டுக்குப் புகழ்ச்சியாகவும் பொருள் சொன்னாராம், கெட்டிக்காரர்!)

சரி, நீங்கள் எழுதும்போது சிரிப்பு வரும் பொருளை முதலில் பிடியுங்கள். தாத்தாவை எடுத்த மறுநாள் காலை, டம்ளர் தண்ணீரில் அவருடைய பல்செட் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவு போதும். அடுத்த வரியில் 'வாழ்க்கை நிலையற்றது' என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.