மாங்கனைட்டில் மின்னூட்ட ஒழுங்கையும் ஆர்பிட்டால் ஒழுங்கையும் இனங்காணும் முறை

மாங்கனைட்டு என்பது மாங்கனீசு ஆக்சைடு வகைச் சேர்மம். அதில் கூடிய, குறைந்த மின்னூட்டமுடைய மாங்கனீசு அயனிகள் மாறிமாறி அமைவது மின்னூட்ட ஒழுங்கு; எலக்ட்ரான்கள் தங்கும் ஆர்பிட்டால்கள் சீராகத் திசைமாறி அமைவது ஆர்பிட்டால் ஒழுங்கு. பிரசியோடைமியமும் கால்சியமும் சரிபாதியாக அமைந்த மாங்கனைட்டில் தொடங்குவது நல்லது. அதில் இவ்விரு ஒழுங்குகளும் தெளிவாகத் தெரியும். அளவீட்டுக்கு முன் ஆக்சிஜன் அளவை அயோடின் தரம்பார்த்தலால் சரிபார்த்துவிடுங்கள். அது பிசகினால் மாங்கனீசின் சராசரி இணைதிறன் 3.5-இலிருந்து விலகி, பின்வரும் முடிவுகள் அனைத்தும் ஐயத்துக்குரியவையாகும்.

முதலில் மாதிரியைக் குளிர்வித்துக் காந்த ஏற்புத்திறனை அளவிடுங்கள். ஏறத்தாழ 250 கெல்வினில் ஒரு முகடு தோன்றும். இதை எதிர்ஃபெர்ரோ காந்த மாற்றம் (அண்டைக் காந்தத் திருப்புத்திறன்கள் எதிரெதிராக அமைவது) எனக் கொள்வது பலரும் செய்யும் பிழை. எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் நிலைகொள்வதால் இரட்டைப் பரிமாற்றம் (ஆக்சிஜன் வழியே எலக்ட்ரான் தாவி, அண்டை மாங்கனீசு அயனிகளின் தற்சுழற்சிகளை ஒரே திசையில் இணைப்பது) தளர்ந்து, ஃபெர்ரோ காந்தத் தொடர்புகள் குன்றுவதையே அம்முகடு காட்டுகிறது. எதிர்ஃபெர்ரோ காந்த ஒழுங்கு அதற்கு வெகு கீழே, சுமார் 175 கெல்வினில்தான் வருகிறது. மின்தடைத்திறனின் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழிக்கு எதிராக வரைந்தால், முகட்டுக்கு அருகே சாய்வு மாறுவதும் புலப்படும்.

இவை மறைமுகச் சான்றுகளே. உறுதிப்படுத்த, எலக்ட்ரான் விளிம்பு விளைவில் முதன்மைப் புள்ளிகளுக்கு நடுவே மங்கலான மீயணிப் புள்ளிகளை (படிகத்தில் பெரிய அளவில் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கால் தோன்றும் கூடுதல் புள்ளிகளை) தேடுங்கள். அவற்றைப் பெரிதும் உருவாக்குவது மின்னூட்ட வேறுபாடு அன்று. ஆர்பிட்டால்கள் மாறிமாறித் திரும்புவதால், யான்–டெல்லர் விளைவின் (ஆற்றலைக் குறைக்க அயனியின் சூழல் உருமாறுவதன்) வழியே, மாங்கனீசைச் சூழ்ந்த ஆக்சிஜன் எண்முகிகள் உருக்குலைவதுதான். ஆகவே மாங்கனீசு அயனிகளை 3+, 4+ எனக் குறிப்பதை வசதிக்கான பெயராகவே கொள்ளுங்கள். உண்மையான மின்னூட்ட வேறுபாடு ஓர் அலகுக்கும் குறைவு. 1955-இல் வோலன், கோலர் ஆகியோர் நியூட்ரான்களால் கண்ட சிஇ (CE) வகைக் காந்த அமைப்பு (வளைந்து நெளிந்த ஃபெர்ரோ காந்தச் சங்கிலிகள் ஒன்றோடொன்று எதிர்ஃபெர்ரோ காந்தமாக இணைந்தது) இருக்கிறதா என்பதையும் நியூட்ரான் விளிம்பு விளைவே சொல்லும்.