ஓடுகிற நாளுக்குள் கவனத்தோடு இருக்கப் பழகுவது எப்படி

கவனத்தோடு வாழுங்கள் என்று யாராவது சொன்னால், விடியற்காலையில் எழுந்து பாயை விரித்து அரை மணி நேரம் கண்ணை மூடி உட்காருவதுதான் நம் மனசில் வரும். அப்படி உட்கார முடிகிறவர்கள் தாராளமாக உட்காரட்டும். நான் குரோம்பேட்டையிலிருந்து பாரிமுனைக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவள். ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் மாமியார், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன், ஷிப்ட் வேலைக்குப் போகும் கணவர். தனியாக அரை மணி நேரம் என்பது எனக்கு நடக்காத காரியம். எப்படியும் செய்தே ஆகவேண்டிய வேலைகளுக்குள்ளேயே நிதானத்துக்கு இடம் இருக்கிறது. அந்த இடத்தைப் பிடிக்கிற வழியைத்தான் எழுதுகிறேன்.

முதலில், கையால் செய்கிற ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். நாள் முழுக்கக் கவனமாக இருக்கப் போகிறேன் என்று கிளம்பினால் பத்து மணிக்குள் சலித்துவிடும். தினமும் வருகிற வேலையாக, ஐந்து பத்து நிமிஷத்தில் முடிகிறதாக, நடுவில் யாரும் கூப்பிடாததாக இருக்கட்டும். கோலம் போடுவது, பூத்தொட்டிக்குத் தண்ணீர் விடுவது, மதியச் சாப்பாட்டு டப்பா கழுவுவது, எதுவானாலும் சரி.

எனக்குக் காலைக் காப்பி. ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் பொடியைப் போட்டு, தண்டு வைத்த தட்டால் லேசாக அழுத்த வேண்டும். ரொம்ப அழுத்தினால் டிகாஷன் இறங்காது. அழுத்தாமல் விட்டால் தண்ணியாக ஓடிவிடும். கொதித்த தண்ணீரை ஒரே இடத்தில் கொட்டாமல் சுற்றிச் சுற்றி ஊற்றினால் பொடி சமமாக நனையும், நனைந்ததும் குப்பென்று ஒரு வாசனை எழும். அந்த வாசனையை மூக்கால் முழுசாக வாங்கிக்கொள்வது, ஃபில்டரின் பக்கத்தில் விரலை வைத்துச் சூடு மெல்லக் கீழே இறங்குவதைப் பார்ப்பது, முதல் சொட்டுகள் விழும் சத்தத்தைக் கேட்பது. அவ்வளவுதான் பயிற்சி. அந்த நேரத்தில் போன் வேறு அறையில் இருக்க வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் டிகாஷன் இறங்குவதற்குள் கை அதன் மேல் போயிருக்கும்.

மனசு நிற்காது. டியூஷன் ஃபீஸ் கட்டவில்லையே என்று ஓடும். 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டுமே என்று ஓடும். ஓடினால் திட்டாதீர்கள். 'இது பணக் கவலை', 'இது ஆபீஸ்' என்று மனசுக்குள் ஒரு பேர் சொல்லிவிட்டு, மறுபடி விரல் சூட்டுக்கு வந்துவிடுங்கள். பர்மாவின் பௌத்தத் துறவி மகாசி சயாடோ கற்றுக்கொடுத்த தியான முறையில் இப்படிக் குறித்துக்கொண்டு திரும்புவதுதான் அடிப்படை. 1979இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், ஜான் கபட்-ஜின் என்பவர் நாள்பட்ட வலியோடு இருந்தவர்களுக்குப் பௌத்த தியானத்தை ஒட்டி எட்டு வாரப் பயிற்சி ஒன்றை வகுத்தார். அங்கே ஆரம்பப் பாடமாக வருவது ஒரே ஒரு உலர்திராட்சை. அதைக் கையில் உருட்டிப் பார்த்து, முகர்ந்து, மெதுவாக மென்று சாப்பிடச் சொல்வார்கள். நம் சமையலறையில் அதற்குக் கறிவேப்பிலையே போதும்.

இரண்டாவது, பயணத்தில் ஒரு துண்டைப் பிரித்துக்கொள்ளுங்கள். போகும் தூரம் முழுக்க வேண்டாம். கிண்டி தாண்டியதும் ரயில் அடையாற்றைக் கடக்கும், சக்கரத்தின் சத்தம் மாறும். அங்கே போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவேன். சைதாப்பேட்டை வந்து, மாம்பலம் வருகிற வரைக்கும் வெறுமனே இருப்பேன். லேடீஸ் கம்பார்ட்மென்டில் அந்த நேரத்தில் ஒருத்தர் மடியில் துணி விரித்துக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார், ஒருத்தர் பூத் தொடுப்பார், யாராவது முணுமுணுவென்று சுலோகம் சொல்வார். எதையும் நல்லது கெட்டது என்று பிரிக்காமல், காதில் விழுவதைக் காதில் விழ விடுங்கள். உட்கார இடம் கிடைக்காத நாளில் பாதம் இரண்டும் தரையில் அழுந்துவதைக் கவனியுங்கள், ரயில் வளையும்போது எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் போவது தெரியும். மாம்பலத்தில் கூட்டம் இறங்கி ஏறும்போது பயிற்சி முடிந்தது. அப்புறம் போன் பார்க்கலாம், தப்பில்லை. பஸ்ஸில் போகிறவர்கள் இரண்டு ஸ்டாப்பிங்கை வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சிவப்பு சிக்னல் இருக்கிறது.

போனைப் பற்றி உபதேசம் செய்ய மாட்டேன், செட்டிங்கை மட்டும் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு குரூப்பாகத் திறந்து, எப்போதைக்கும் என்று மியூட் செய்து, ஆர்கைவில் போடுங்கள். சொந்தக்காரர் குரூப்பிலிருந்து வெளியேறினால் மனஸ்தாபம் வரும், மியூட் செய்தால் யாருக்கும் தெரியாது. கடைகளின் ஆப், சாப்பாட்டு ஆப் எல்லாவற்றின் நோட்டிஃபிகேஷனையும் நிறுத்துங்கள். மகனின் பள்ளியிலிருந்து வரும் அழைப்பும் மாமியாரின் அழைப்பும் மட்டும் சத்தமாக அடிக்கட்டும். ஆண்ட்ராய்டு போனில் டிஜிட்டல் வெல்பீயிங் என்று ஒரு பகுதி உண்டு. இன்றைக்குப் போனை எத்தனை தடவை திறந்தோம் என்று காட்டும். வாரம் ஒரு முறை அதைப் பார்த்தால் போதும், தினமும் பார்த்தால் அதுவே இன்னொரு கவலையாகிவிடும். இரவில் போன் ஃபிரிட்ஜ் மேல் சார்ஜ் ஆகட்டும். எழுப்ப ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிவிடுங்கள். எனக்கு இந்த மாற்றம்தான் தூக்கத்தைத் திருப்பித் தந்தது.

பணத்திலும் இதே கதைதான். கையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுக்கும்போது போகிறது என்று தெரியும். யுபிஐ 2016இல் வந்த பிறகு, க்யூஆரை ஸ்கேன் செய்தால் போகிறது என்கிற உணர்வே இல்லை. கணக்கு எழுதுகிறவள் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரவில் அன்றைய செலவை எழுதும்போது, தொகைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தையில் காரணத்தையும் எழுதுங்கள்: பசி, தேவை, கோபம், அலுப்பு, பாசம். ஜப்பானில் ஹானி மொதோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904இல் வீட்டுக் கணக்கு நோட்டு ஒன்றை வெளியிட்டார். கக்கேபோ என்ற அந்தப் பழக்கம் இன்றும் அங்கே இருக்கிறது. செலவுக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுத ஆரம்பித்த பிறகு, மாதக் கடைசியில் 'அலுப்பு' என்று எழுதிய வரிகளை மட்டும் கூட்டிப் பாருங்கள். ஆன்லைனில் பிடித்த புடவையை உடனே வாங்காமல் ஒரு ராத்திரி கார்ட்டில் தூங்க விடுங்கள். காலையிலும் வேண்டும் என்று தோன்றினால் சந்தோஷமாக வாங்குங்கள்.

அதே நோட்டில், செலவுக்குக் கீழே, நாளைக்கு ஒரு வரி. 'நாளை படுக்கும்போது எது நடந்திருந்தால் மனசு நிறையும்?' என்று கேட்டுக்கொண்டு எழுதுங்கள். 'பையனைக் கவனிக்கணும்' என்று எழுதினால் நடக்காது. 'சாப்பிட்ட தட்டை எடுத்து வைத்ததும் பையனோடு மொட்டை மாடியில் ஒரு நடை' என்று எழுதினால் பெரும்பாலும் நடந்துவிடும். நேரமும் இடமும் வரிக்குள் இருக்க வேண்டும். இந்த ஒரு வரி எழுதி வைத்தால் மறுக்கவும் தைரியம் வரும். 'இல்லை அண்ணி, இந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வர முடியாது, சாயங்காலம் வீட்டுக்கு வந்து பொண்ணைப் பார்க்கிறேன்' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். நீளமாகக் காரணம் சொல்ல ஆரம்பித்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

வீட்டில் மற்றவர்களைத் திருத்தக் கிளம்ப வேண்டாம். எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு டிவி இல்லை என்று ஒரே ஒரு ஏற்பாடு. அதற்காக அத்தையின் சீரியலை நிறுத்தவில்லை, அது முடிந்த பிறகு சாப்பிடுகிறோம். அவர் அந்தச் சீரியலைப் பார்க்கிற கவனத்தில் பாதி எனக்கு இருந்தால் கொடுத்து வைத்தவள்.

கடைசியாக, கொஞ்சம் கனமான விஷயம். சிலருக்குச் சும்மா உட்கார்ந்து மனசைப் பார்க்க ஆரம்பித்தால் படபடப்பு கூடும், பழைய துக்கம் மேலே வரும். அப்படியானால் கண்ணை மூடுகிற பயிற்சியை விட்டுவிட்டு நடை, சமையல், தோட்டம் என்று உடம்பு அசைகிற வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அதற்குக் காப்பி ஃபில்டர் வைத்தியம் ஆகாது. டாக்டரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416க்குப் போன் செய்யுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.