ஏலம் முடிந்ததுமே கோப்பையைத் தூக்காதீர்கள்: நம் ஊர் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆட்டக்காரர்கள் ஏலம் முடிந்த மறுநாள் தருமபுரி நாலு ரோட்டில் டீ குடிக்கப் போனால் ஒன்று நிச்சயம். நாலைந்து பையன்கள் ஒரே போனைச் சுற்றி நிற்பார்கள். யார் ஓப்பனிங், யார் கேப்டன், யார் பெஞ்ச் என்று எல்லாம் முடிவாகியிருக்கும். "அண்ணா, இந்த வருஷம் கப்பு நமக்குத்தாண்ணா!" அந்த வயதில் நாங்கள் அடித்த கூத்தை வரி மாறாமல் இவர்களும் அடிக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் சொந்தமாகத் தொழில்முறை அணி எதுவும் கிடையாது. கிரிக்கெட்டில் சென்னை சூப்பர் கிங்ஸ், கபடியில் தமிழ் தலைவாஸ், தமிழ்நாட்டு டி20 லீக்கான டிஎன்பிஎல்லில் பக்கத்து ஊர் என்ற உரிமையில் சேலம் ஸ்பார்டன்ஸ். இவைதான் நமக்கு வீட்டு அணிகள். காரிமங்கலம் பக்கம் எங்கள் ஊர்க் கபடி அணிக்குப் பல வருஷமாக ஆள் பொறுக்குகிறவன் நான், அதனால் பேச்சு கொஞ்சம் கபடிப் பக்கம் சாயும். ஏலத்துக்கு முந்தின நாள் வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலை நம்பாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடலாம்.

விலையைப் பார்த்து ஆளை எடை போடுவது

பாலக்கோடு மண்டியில் தக்காளிக்கு விலை எப்படி ஏறுகிறது? அன்றைக்கு எத்தனை பெட்டி வந்தது, எத்தனை வியாபாரி நிற்கிறார் என்பதைப் பொறுத்து. தக்காளியின் ருசி அதில் கடைசிக் கணக்கு. ஏலமும் அப்படித்தான். ஒரு வேலைக்குச் சந்தையில் இரண்டே பேர் மிச்சம், கையில் காசோடு மூன்று அணிகள் என்றால் சுமாரான ஆளுக்கும் கோடி ஏறும்.

வருண் சக்கரவர்த்தியை 2019 ஐபிஎல்லுக்குப் பஞ்சாப் 8.4 கோடிக்கு எடுத்தது. ஆடியது ஒரே போட்டி. அடுத்த வருஷம் கொல்கத்தா பாதிக்கும் குறைவாக, 4 கோடிக்கு வாங்கியது. அந்த 4 கோடி வருண்தான் அப்புறம் இந்திய அணியின் முக்கியமான சுழற்பந்து வீச்சாளர் ஆனார். நம் பக்கத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் 3 கோடி, 2018-இல் 40 லட்சம், 2025-க்கு 10.75 கோடி. அவர் உலகத்தையே வியக்க வைத்த யார்க்கர்கள் எல்லாம் அந்த 40 லட்ச ஒப்பந்தக் காலத்தில் விழுந்தவை. 10.75 கோடி கொடுத்த டெல்லி அந்த சீசனில் அவரைப் பெரும்பாலும் வெளியேதான் உட்கார வைத்தது.

எனக்குப் பிடித்த கணக்கு சாய் சுதர்சனுடையது. ஐபிஎல்லில் குஜராத் அவரை எடுத்தது 20 லட்சத்துக்கு. 2023 டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை கொடுத்தது 21.6 லட்சம்! மாநில லீக்கில் ஐபிஎல்லை விட அதிக விலை. அதே வருஷ ஐபிஎல் இறுதிப் போட்டியில் நம் சென்னைக்கு எதிராகவே 96 அடித்தார். 2025-இல் 759 ரன் எடுத்து ஆரஞ்சு தொப்பியும் வாங்கினார்.

பெயர்களைக் கூட்டிப் பார்ப்பது

இதற்குத்தான் இன்றும் எனக்குக் கோபம் வரும். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

2019-இல் புரோ கபடி ஏழாவது சீசன். தமிழ் தலைவாஸில் அஜய் தாக்கூர் இருக்கிறார், ராகுல் சௌத்ரி வந்து சேர்கிறார், தடுப்பில் மஞ்சித் சில்லர். மூன்றுமே அகில இந்தியப் பெயர்கள். அன்றைக்கு எங்கள் ஊரில் கபடி தெரிந்த யாரைக் கேட்டாலும் இந்த அணியைத்தான் கைகாட்டினார்கள். சீசன் முடிந்தபோது 12 அணிகளில் தலைவாஸ் 12-வது இடம். 22 போட்டியில் 4 வெற்றி.

சரி, அதோடு பாடம் படித்தார்களா? 2022-இல் ஒன்பதாவது சீசனுக்கு, எதிரணிப் பக்கம் பாடிப் போகும் ரெய்டர் பவன் செராவத்தை 2 கோடி 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். அதுவரை புரோ கபடியில் யாருக்கும் போகாத விலை. தொடக்கப் போட்டிகள் பெங்களூரு கண்டீரவா உள்ளரங்கத்தில். நமக்கு அது சென்னையை விடப் பக்கம், கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டினால் பாதி தூரம் வந்த மாதிரி. எங்கள் தெருப் பையன்கள் வேன் பேசினார்கள், மஞ்சள் துணியில் பவன் பெயர் எழுதினார்கள், இன்னும் இரண்டு ஆட்டங்களுக்கும் சேர்த்தே டிக்கெட் எடுத்தார்கள். முதல் ஆட்டம் குஜராத்துடன். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் எதிரணி ரெய்டரைப் பிடிக்கப் போன இடத்தில் பவனுக்கு முழங்கால் போனது. தூக்கிக்கொண்டுதான் போனார்கள். ஆட்டம் 31-31 சமன்.

திரும்பி வரும்போது அத்திப்பள்ளி தாண்டும் வரை வேனில் யாரும் பேசவில்லையாம். மறுநாளே மிச்ச டிக்கெட்டைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஏண்டா என்று கேட்டால், "பவன் இல்லாம என்னத்தண்ணா பாக்கறது, டீமே முடிஞ்சுது" என்றான் ஒருவன். டிவியில்கூடப் பார்க்கவில்லை.

அந்த சீசனில்தான் தலைவாஸ் வரலாற்றில் முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது.

பவன் இல்லாத இடத்தில் நரேந்தர் என்ற புதுப் பையன் இறங்கினான். முதல் சீசனிலேயே 243 ரெய்டு புள்ளி. தொடக்கத்தில் தடுமாறிய அணிக்கு நடுவில் அஷன் குமார் பயிற்சியாளராக வந்தார். சாகரும் சாஹில் குலியாவும் தடுப்பு வரிசையின் இரண்டு ஓரத்தையும், அதாவது கார்னரையும் இறுக்கினார்கள். எலிமினேட்டரில் உத்தரப் பிரதேச அணியோடு 36-36 சமனாகி, டை பிரேக்கரில் ஜெயித்து, அரையிறுதியில் புனேயிடம் இரண்டே புள்ளியில் தோற்றார்கள். நம் பையன்கள் இதை அப்புறம் யூடியூபில் துண்டு துண்டாகப் பார்த்தார்கள். டிக்கெட் காசு போனால் போகிறது, அப்படி ஒரு சீசனை உட்கார்ந்து பார்க்காமல் விட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எரிச்சல் இதோடு முடிந்ததா? அடுத்த சீசனில் பவன் தெலுகு டைட்டன்ஸுக்குப் போனார். விலை 2 கோடி 60 லட்சத்துக்கும் மேல். அதே பையன்கள், அதே டீக்கடை: "கப்பு டைட்டன்ஸுக்குத்தாண்ணா." டைட்டன்ஸ் 22 ஆட்டத்தில் ஜெயித்தது 2. கடைசி இடம். 2025-இல் பன்னிரண்டாவது சீசனுக்கு அவரை மறுபடியும் நாம் எடுத்தோம், இந்த முறை 59.5 லட்சத்துக்கு. கூடவே அர்ஜுன் தேஷ்வாலுக்கு ஒரு கோடி 40 லட்சத்துக்கு மேல். இரண்டு பெரிய ரெய்டர்கள், எங்கள் தெருவில் மறுபடி மஞ்சள் துணி. சீசன் பாதியில் ஒழுங்குப் பிரச்சினை என்று சொல்லி நிர்வாகம் பவனை வீட்டுக்கு அனுப்பியது. அவர் அதை மறுத்தார். எது எப்படியோ, நாம் பிளேஆஃப் போகவில்லை. அவரை விட்டுக்கொடுத்த டைட்டன்ஸ் போனது.

இதை வைத்து பவன் மோசமான ஆட்டக்காரர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2019 ஜனவரி இறுதிப் போட்டியில் பெங்களூரு புல்ஸுக்காகத் தனியாக 22 புள்ளி எடுத்துக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் அவர். ஆனால் அந்த அணியில் அவருக்குப் பக்கத்தில் ரோஹித் குமார் என்று இன்னொரு ரெய்டர் இருந்தார், பின்னால் பிடிக்க மகேந்தர் சிங் இருந்தார்.

ஏன் கபடியில் ஒற்றை ஆள் கணக்கு உதைக்கிறது என்றால், ஆட்டத்தின் அமைப்பே அப்படி. ரெய்டர் ஒரு தடவை பிடிபட்டால் வெளியே போய் உட்கார வேண்டும். அவரை உள்ளே கூட்டி வருவது மற்றவர்களுடைய வேலை. எதிராளியை யாராவது தொட்டால் அல்லது பிடித்தால்தான் நம் பக்கம் ஒருவர் உயிர் பெறுவார். கோட்டைத் தாண்டி எடுக்கும் வெறும் போனஸ் புள்ளிக்கு யாரும் திரும்ப முடியாது. எதிரணி பயிற்சியாளர் என்ன செய்வார்? பெரிய ரெய்டரை ஒரு முறை பிடித்துப் போட்டுவிட்டு, அப்புறம் ரிஸ்க் எடுக்காமல், புள்ளி இல்லாத வெற்று ரெய்டாக ஓட்டுவார். நம் பக்கமும் தொடர்ந்து இரண்டு ரெய்டு வெற்றாகப் போனால் அடுத்தது 'செய் அல்லது செத்து மடி' ரெய்டு, புள்ளி எடுக்காவிட்டால் போனவர் அவுட். அதற்கு நம் பக்கம் போவது மூன்றாவது ரெய்டர், ஏலப் பட்டியலில் யாரும் படிக்காத பெயர். இப்படி 40 நிமிட ஆட்டத்தில் கோடி ரூபாய் ரெய்டர் எவ்வளவு நேரம் பெஞ்சில் இருக்கிறார் என்று ஒரு தடவை கடிகாரம் வைத்துப் பாருங்கள்.

பொங்கல் பந்தயங்களில் இதைக் கண்ணெதிரே காணலாம். வெளியூரிலிருந்து காசு பேசி ஒரு ஆளைக் கூட்டி வருவார்கள். முதல் இரண்டு ரெய்டுக்கு மைக்கில் அவர் பெயர்தான் முழங்கும். எவனாவது கணுக்காலைப் பிடித்து உட்கார வைத்ததும் மற்ற ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அவர்களுக்கு அன்று வரை தனித்தனி வேலையே யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அதனால் பட்டியல் கைக்கு வந்ததும் நான் ரெய்டர் பக்கமே போவதில்லை. இடது கார்னரும் வலது கார்னரும் போன சீசனில் சேர்ந்து ஆடியவர்களா என்று முதலில் பார்ப்பேன். கைகோத்துச் சங்கிலி போட்டுப் பிடிப்பது ஒரு மாதத்தில் படியாது. அடுத்து கார்னருக்கு உள்பக்கம் நிற்கும் கவர் ஜோடி. மூன்றாவது ரெய்டர் யார் என்பது அதற்கும் அப்புறம். தலைவாஸ் விஷயத்தில் இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் பல சீசன்களாக எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. பெரிய பெயர் கடைசியில் பார்த்தால் போதும், அதை எப்படியும் யாராவது வந்து சொல்லிவிடுவார்கள்.

போனவரைத் திட்டுவது

2025 நவம்பரில் ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போய், சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தபோது பென்னாகரம் ரோட்டில் பாதிப் பேர் ஜடேஜாவைத் திட்டினார்கள், மீதிப் பேர் நிர்வாகத்தை. 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்தில் ஆறும் நாலும் அடித்தவரை இரண்டே வருஷத்தில் திட்ட எப்படி மனசு வருகிறதோ! ஆட்டக்காரர் சம்மதம் இல்லாமல் இந்த மாற்றம் நடக்காது என்பது உண்மைதான். ஆனால் ஒப்புக்கொள்வதும் துரோகமும் ஒன்றாகிவிடாது.

திட்டுகிற நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அவர் செய்த வேலையை இனி யார் செய்வது? இடது கை சுழலில் நாலு ஓவர், பின்வரிசையில் பேட்டிங், பாயிண்டில் ஃபீல்டிங். அஸ்வினும் 2025 ஆகஸ்டில் ஐபிஎல்லிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதால் சுழலில் நூர் அகமதுக்குப் பெரிய துணை இல்லாமல் போனது. டிசம்பர் ஏலத்தைப் பார்த்தால் நிர்வாகமும் இதைத்தான் யோசித்திருக்கிறது. இடது கை சுழல் ஆல்ரவுண்டர் பிரசாந்த் வீருக்கு 14.20 கோடி, கூடவே அகீல் ஹொசைன், ராகுல் சாஹர். சர்வதேச ஆட்டம் ஆடாத ஒரு பையனுக்கு அந்த விலையா என்று எல்லாரும் அலறினார்கள். மண்டிக் கணக்குதான், அந்த வேலைக்கு உள்நாட்டில் ஆள் குறைவு. அந்த ஏலம் முடிந்தபோது என் கவலை வேறு இடத்தில் இருந்தது. கடைசி ஓவர்களைப் போட்டுவந்த பத்திரனாவை விட்டாயிற்று, கொல்கத்தா 18 கோடிக்குக் கொண்டுபோய்விட்டது. கடைசி நாலு ஓவரை யார் போடுவது என்பதற்கு அந்தப் பட்டியலில் தெளிவான பதில் இல்லை.

சீசன் நடுவில் வருகிறவர்களைக் கவனிக்காமல் விடுவது

2025-இல் சென்னை முதல் முறையாகக் கடைசி இடத்தில் முடிந்தது. அந்த சீசனில் பார்க்கும்படி ஆடிய ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் பிரெவிஸ் இருவரும் ஏலத்தில் வந்தவர்களே இல்லை. காயம் பட்டவர்களுக்கு மாற்றாக நடுவில் சேர்ந்தவர்கள்.

சேலத்தைப் புது அணி என்று நினைப்பது

முன்பு தூத்துக்குடி அணியாக இருந்ததுதான் இன்றைய சேலம் ஸ்பார்டன்ஸ். 2016-இல் முதல் டிஎன்பிஎல் கோப்பையை வாங்கியதும் அந்த அணிதான். சேலத்துக்கு வந்த பிறகு அந்த வேகம் திரும்பவில்லை. டிஎன்பிஎல்லில் பெரிய பெயர்களை நம்பவே வேண்டாம், இந்திய அணி அழைத்தால் போய்விடுவார்கள். சீசன் முழுக்கத் தங்கும் ஆட்டக்காரர்கள் யார் என்று பாருங்கள். 2025-இல் திருப்பூர் கோப்பை வாங்கியபோது இறுதிப் போட்டியில் 220 ரன்னுக்கு அடித்தளம் போட்டது துஷார் ரஹேஜா, அமித் சாத்விக் ஜோடி. வாழப்பாடி மைதானத்தில் ஆட்டம் வைத்தால் நேரில் போய்ப் பார்க்கலாம், இந்தப் பெயர்களை எல்லாம் அங்கேதான் தெரிந்துகொள்ள முடியும்.

பணம் கட்டி ஃபேண்டசி ஆடுவது

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டு நிறுத்திவிட்டது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஓசூர்க்காரரிடம் "நீ சிஎஸ்கேவா, ஆர்சிபியா" என்று கேட்பது

பெங்களூரின் ஆர்சிபி முதல் முறையாகக் கப்பு வாங்கிய 2025 ஜூன் வரை கேட்டிருந்தால் சும்மா சிரித்திருப்பார். இப்போது கேட்டால் பேச்சு முடியாது, பஸ்ஸைத் தவறவிடுவீர்கள்.