"அப்பறம்..."னு இழுக்கும்போது போனை வைக்காதீங்க

வீட்டு ஆளுங்க கூட தினமும் பேசறோம், ஆனா பாதி சண்டை என்ன பேசினோம்ங்கறதால வரல, எப்ப வாய தொறந்தோம்ங்கறதாலதான் வருது.

முதல் தப்பு, முழுசா கேக்கறதுக்குள்ள பாயறது. தமிழ்ல ஆமாவா இல்லையாங்கறது பெரும்பாலும் கடைசி வார்த்தையிலதான் இருக்கு. "நான் பணம் தர மாட்டேன்னு சொல்ல..."ன்ற வரைக்கும் கேட்டுட்டு "அதெப்படி தர மாட்ட?"ன்னு குதிச்சிடறோம், அவரு சொல்ல வந்தது "சொல்லல, ரெண்டு மாசம் டைம்தான் கேக்கறேன்". அந்த ஒரு "ல" வர்ற வரைக்கும் பொறுத்திருந்தா போதும்.

அடுத்தது, தயக்கத்த கவனிக்காம விடறது. 2009ல பத்து மொழிகள்ல கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய அளந்து பாத்தாங்க, சராசரியா 0.2 செகண்ட் மாதிரிதான் வந்துச்சு. சம்மதம்னா பதில் சீக்கிரமா வந்துடும், முடியாதுன்னாதான் பொதுவா லேட்டாகும். "ஞாயித்துக்கிழமை வர்றியா?"ன்னு கேட்டு, கொஞ்சம் கழிச்சு "ம்ம்... பாக்கலாம்"னு வந்தா அது அனேகமா முடியாதுதான், அதுக்கு மேல வற்புறுத்தி அவங்கள பொய் சொல்ல வைக்காதீங்க. (வீடியோ கால்ல மட்டும் இத நம்ப வேணாம், நெட்டே லேட் பண்ணும்.)

எனக்கு ரொம்ப வலிக்கற தப்பு ஒண்ணு இருக்கு, போனை டக்குனு வைக்கறது. எமானுவேல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ்னு ரெண்டு அமெரிக்க சமூகவியல் ஆய்வாளர்கள் 1973லயே பேச்சு எப்படி முடியுதுன்னு எழுதியிருக்காங்க, யாரும் நேரா "வைக்கறேன்"னு வந்துடறதில்ல, முதல்ல "சரி..."ன்னு ஒரு இடைவெளி விடுவாங்க, மனசுல வச்சிருந்தத எடுக்க அதுதான் கடைசி சான்ஸ். நம்ம ஊர்ல அதுக்கு "அப்பறம்..."னு பேரு.

எங்கம்மா ஒருநாள் இருபது நிமிஷம் பக்கத்து வீட்டு கல்யாணம், தண்ணி வராததுன்னு எல்லாம் பேசிட்டு "சரிப்பா... அப்பறம்..."னாங்க. வழக்கமா "சரிம்மா, வச்சிடறேன்"னு கட் பண்ணிடுவேன், அன்னிக்கு "ம், சொல்லும்மா"ன்னு மட்டும் சொல்லிட்டு சும்மா இருந்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்பறம் மெதுவா, "ஒண்ணுமில்ல, நாலு நாளா ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கு, செருப்பு போட முடியல"ன்னாங்க.

தம்பிக்கு போன் போட்டு அன்னிக்கு சாயங்காலமே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போகச் சொன்னேன்.